ஆறு கயிறும் அஞ்சாத தாதாவும்

மாஸ்டர் குடும்பத்தில் சினிமா என்பது பொழுதுபோக்கு அல்ல, பரீட்சை. படம் முடிந்து தியேட்டர் வாசலைத் தாண்டியதும் மாஸ்டர் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். மற்றவர்கள் "ஆமா" என்று தலையாட்ட வேண்டும். முப்பது வருஷம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்டவர். ஓய்வு பெற்றபோது விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பழக்கத்தைக் கொடுக்கவில்லை.

அவர் மனைவியை அக்கம்பக்கத்தில் மாஸ்டரம்மா என்பார்கள். தெருமுனைத் துணிக்கடையில் அளவு திருத்தித் தைத்துக் கொடுப்பவள். கடையில் அரை அங்குலம் பிசகினாலும் விடமாட்டாள். வீட்டில் மட்டும் இருபத்தெட்டு வருஷமாக மாஸ்டர் சொன்னதே அளவு.

அதனால்தான் மகன் விரும்பும் பெண்ணிடம் சனிக்கிழமை காலையிலேயே காதைக் கடித்திருந்தாள். "ஒருத்தரைத் தெரிஞ்சுக்கணும்னா கூட உக்காந்து ரெண்டு படம் பாக்கணும்னு சொல்லுவார். இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. அவர் என்ன மார்க் சொன்னாலும் நீயும் அதையே சொல்லிடு கண்ணு. நாளைக்குச் சாயங்காலம் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லிடுவார்."

"முயற்சி பண்றேன் ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். அவள் லிஃப்ட் மெக்கானிக். விரல் நகத்தோரம் எப்போதும் கொஞ்சம் கிரீஸ் இருக்கும்.

சனிக்கிழமைப் படத்தில் பூகம்பம், தீ, வெள்ளம் மூன்றும் ஒரே நாளில் வந்தன. நாற்பதாவது மாடியிலிருந்து லிஃப்ட் அறுந்து விழுந்தபோது மாஸ்டர் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டதை மாஸ்டரம்மா கவனித்தாள். வெளியே வந்ததும், "ஒன்பது!" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் பார்வையையெல்லாம் சோதிக்கிற மகன், "ஒன்பதுதான்பா" என்றான். பெண் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தாதா படம். மாலை வெயிலில் நால்வரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள்.

"பத்துக்குப் பத்து" என்றார் மாஸ்டர். "எதிரி கோட்டைக்குள்ள தனியாப் போறான் பாரு, கண்ணுல பயம்னு ஒரு பொட்டு இருக்கா? அவன் பொண்டாட்டியைப் பாரு. ரெண்டரை மணி நேரத்துல எதிர்த்து ஒரு கேள்வி கேட்டாளா? குடும்பம்னா அது! ஏம்மா, நீ என்ன சொல்ற? நேத்தும் வாயைத் திறக்கல."

மாஸ்டரம்மா கண்ணால் கெஞ்சினாள். பெண் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"அந்தம்மாவுக்கு மொத்தமே நாலு வசனம் அங்கிள். 'சாப்ட்டீங்களா', 'ஜாக்கிரதை', 'பிள்ளைங்க தூங்கிட்டாங்க', கடைசியா ஒரு 'ஐயோ'. அஞ்சு மார்க் போடலாம். சண்டை நல்லா இருந்தது."

மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. அவளும் எண்ணியிருந்தாள். சரியாக நாலுதான்.

"நேத்திய படம்?" மாஸ்டரின் குரல் மைதானத்துக்குப் போய்விட்டது.

"மூணு."

"மூணா! அந்த லிஃப்ட் சீனுக்கே அஞ்சு குடுக்கலாமே!"

"அதுக்குத்தான் குறைச்சேன். லிஃப்ட்டுக்கு ஒரே கயிறு இல்ல அங்கிள். ஆறு கயிறு போடுவோம். ஒண்ணு போனா மிச்ச அஞ்சும் தாங்கும். ஆறும் போச்சுன்னே வச்சுக்குங்க, வேகம் கூடின உடனே அடியில இருக்கற பிரேக் ரெண்டு பக்கமும் இரும்புத் தண்டைக் கவ்விக்கும். அதைப் பத்திப் படத்துல ஒருத்தர்கூடப் பேசல."

வீட்டுக் கட்டடத்தின் வாசல் வந்துவிட்டது. மாஸ்டர் நின்றார்.

"இதோ பாரும்மா. உன்னை எனக்குப் பிடிக்காம இல்ல. மரியாதைக்காவது ரெண்டு படத்துக்கும் ஏழுன்னு மாத்திச் சொல்லு. மேல போய் நல்ல வார்த்தை பேசி முடிச்சிடலாம். மாட்டேன்னா, இந்தப் பேச்சை இங்கேயே விட்டுடலாம்."

மகன் செல்போனைப் பார்த்தான். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

"மாத்த மாட்டேன் அங்கிள்" என்றாள் பெண். குரல் உயரவில்லை. "இன்னிக்குப் பொய்யா ஏழு சொல்லிட்டு உள்ள வந்தேன்னா, அப்புறம் ஆயுசு முழுக்க ஏழு சொல்லணும். என்னால ஆகாது."

மாஸ்டரம்மாவுக்குச் சுருக்கென்றது, யாரோ துணியில் விட்டுப்போன ஊசிமேல் கை வைத்தது போல.

மாஸ்டர் மாடிப்படிப் பக்கம் திரும்பினார். நாலாவது மாடியில் வீடு. குடிவந்த மூன்று வருஷமாக அவர் லிஃப்ட்டில் ஏறியதில்லை. லிஃப்ட் சோம்பேறிகளுக்காம், படி உடம்புக்கு நல்லதாம். பின்னாலேயே மனைவியும் ஏற வேண்டும், முழங்கால் வீங்கினாலும். உண்மைக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். குடிவரும் முன் இதே மாதிரி ஒரு படம் பார்த்துவிட்டு, ஒரு வாரம் தூக்கத்தில் அலறியவர் அவர்.

"வா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

மாஸ்டரம்மா முதல் படியைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள். பிறகு போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள்.

"என்ன பண்ற?"

"வீட்டுக்குப் போறேங்க."

"அதுல வேணாம்! அது அறுந்து..." என்று தொடங்கியவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஆறு கயிறாம். கேட்டீங்கல்ல?" கதவு திறந்தது. மாஸ்டரம்மா உள்ளே போய் நின்றாள். "என்னங்க, நேத்திய படம் எனக்கு ரெண்டு மார்க். இன்னிக்குப் படம் ஒண்ணு. அந்தப் பொம்பளை வாயைத் திறந்திருந்தா ஒருவேளை அஞ்சு குடுத்திருப்பேன்."

பெண் அவளருகில் வந்து நின்றாள். மகனின் ஒரு கால் படியிலும் மற்றது தரையிலும் இருந்தன.

"உனக்கு எத்தனைடா?" என்றாள் தாய்.

அவன் அப்பாவைப் பார்த்தான். "நாலும்மா. நேத்துச் சொன்னது பொய்" என்று சொல்லி உள்ளே வந்தான்.

கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் மெல்ல எழும்பியது. மாஸ்டரம்மா கம்பியைப் பிடித்திருந்த கையை இரண்டாவது மாடி தாண்டியதும் எடுத்துவிட்டாள்.

மேலே வந்து, வீட்டைத் திறக்காமல் மாடிப்படி முகப்பிலேயே நின்றாள். செருப்புச் சத்தம் ஏறி வந்தது. மூன்றாவது மாடியில் சற்று நின்றது. மறுபடி ஏறியது. வியர்த்த முகத்தோடு மாஸ்டர் கடைசிப் படியில் கால் வைத்தார். மூவரையும் தலை முதல் கால் வரை பார்த்தார், யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்பது போல.

"ஆறு கயிறும்..." மூச்சு வாங்கியது. "நீ கண்ணால பாத்து எண்ணினதா?"

"எண்ணிப் பாக்கறதுதான் அங்கிள் என் வேலை."

"அங்கிள் என்ன அங்கிள்?" என்றாள் மாஸ்டரம்மா, சாவியைப் பூட்டில் திருப்பியபடி. "மாமான்னு கூப்பிடு. நான் சரின்னு சொல்லியாச்சு."