வேன் பாட்டுக்கு ஓர் இடம்

இரண்டாம் பக்கத்திலேயே வீரராகவனுக்குத் தெரிந்துவிட்டது, கட்டுரையை எழுதியது தன் மனைவி தாட்சாயிணிதான் என்று.

அம்பத்தூர் மொழி வரலாற்று ஆய்வு மன்றத்தில் ஒரு வழக்கம். ஆண்டு மலருக்கு வரும் கட்டுரைகளைச் செயலாளர் உலகநாதன் தானே மறுபடி டைப் அடித்து, எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, உறுப்பினர் ஒருவரிடம் கொடுப்பார். படித்தவர் போடலாம் என்றால் அச்சு. வேண்டாம் என்றால் திரும்பிப் போகும். எழுதியது யாரென்று தெரிந்துவிட்டால், மேலே படிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் எம்.ஏ. முடித்த வீரராகவனுக்கு, எண்பத்தேழாம் வருஷ மலருக்காக வந்த கட்டுரை இது. அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. கீழே வைக்க மனம் வந்தால்தானே? வானகரத்தில் நாற்று நட்ட பெண்கள் இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு வேனில் போகிறார்கள். போகும்போது பழைய நடவுப் பாட்டையே பாடுகிறார்கள், நாற்றும் வரப்பும் இருந்த இடத்தில் ஸ்க்ரூவும் வாஷரும் வந்துவிட்டன என்று எழுதியிருந்தாள். அதே வேனில்தான் அவளும் ஆபீஸ் வேலைக்குப் போய்வருகிறாள். இதையெல்லாம் அவள் வீட்டில் சொன்னபோது பேப்பருக்குப் பின்னாலிருந்து 'ம்' கொட்டியவன், இப்போது இரண்டு தடவை படித்தான்.

ரொம்பப் பிடித்தது. அதுதான் வினை. பெண்டாட்டி எழுதியதால் பிடிக்கிறதோ என்று சந்தேகம். பிடிக்கப் பிடிக்கப் பேனா கடுமையானது. 'வேனில் பாடுவதை நடவுப் பாட்டாகக் கொள்ள முடியாது. ஆதாரம் போதாது. வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

அடுத்த வாரம் தாட்சாயிணி தோசை வார்த்தபடியே சொன்னாள்.

"இனிமே வேன்ல யார் பாடினாலும் நா கேக்கப் போறதில்லீங்க. ஜன்னலோரமா தூங்கிக்கினு போவப் போறேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

துடைத்த கல்லையே அவள் மறுபடி துடைத்தாள். வீரராகவன் பாதித் தோசையோடு எழுந்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே உலகநாதன் வீட்டுக்குப் போனான்.

"சார், அந்த வேன் பாட்டுக் கட்டுரை என் ஊட்டுக்காரி எழுதினது. படிக்கும்போதே தெரிஞ்சிப்போச்சு."

"தெரிஞ்சா திருப்பிக் குடுக்கணும்னு தெரியாதா?"

"பெண்டாட்டின்னு எடம் குடுத்துட்டான்னு யாரும் பேசிடக் கூடாதேன்னு..."

"அதுக்கு இல்லாத குத்தத்தக் கண்டுபுடிச்சியா? நல்ல நேர்மை நைனா உன் நேர்மை!" உலகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீ எழுதினது செல்லாது. பூந்தமல்லி பூங்காவனத்தம்மாவுக்கு அனுப்பறேன். அந்தம்மா வேணான்னா வேணாந்தான். ஊட்ல நீயே சொல்லு, போ."

சொன்னான். தாட்சாயிணி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"முழுசாப் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவ."

"எப்பிடி கீது?"

"ரொம்ப நல்லா கீது."

"அத எழுதறதுக்கு இன்னாவாம்? கை நோவுதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு தடவயா?" என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டாள்.

பூங்காவனத்தம்மாள் கறாரான தமிழாசிரியை. மாதக் கடைசியில் அவர் பதில் வந்தது: போடலாம், ஆனால் பாட்டுகள் அரைகுறையாக இருக்கின்றன, பாடியவர் பெயரோடு முழுப் பாட்டும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வானகரத்துக்குப் போனார்கள். வேனில் பாட்டின் முதல் அடி எடுக்கும் கன்னியம்மாள் பாயை விரித்துப் போட்டாள்.

"தோ பாரு, சும்மா குந்திக்கினு பாட வராது. நா ஒண்ணு சொன்னா பின்னால வாங்கிப் பாட ஆள் வேணும்."

"நா பாடறேங்க்கா," என்றாள் தாட்சாயிணி.

"நீ பாடினா யாரு எழுதறது? அண்ணாத்தே இன்னாத்துக்கு வந்துகீறாரு? பாடட்டும்!"

கன்னியம்மாள் எடுத்தாள். வீரராகவன் தொண்டையைக் கனைத்து வாங்கிப் பாடினான். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். வாசலில் கூடிய பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் நிறுத்திவிட்டான்.

"நிறுத்தாதீங்க," என்றாள் தாட்சாயிணி, எழுதிக்கொண்டே. "அடுத்த அடி எனக்கு வேணும்."

அவன் இன்னும் உரக்கப் பாடினான்.