அடுப்பில்லாத பதின்மூன்று மாடி

நியூயார்க்கில் மானமுள்ள குடும்பம் என்றால் தனி வீடு. ஒருவர் தலைமேல் ஒருவர் குடியிருப்பது கூலிக்காரர் பிழைப்பு என்று ஊரே முகம் சுளித்த காலத்தில்தான் எலிஹு ப்ராட் அடுக்குமாடிகளுக்கு வரைபடம் போட ஆரம்பித்தார். பத்து வருடத்தில் வக்கீலும் டாக்டரும் அவர் கட்டிடங்களில் இடம் கேட்டு அலைந்தார்கள். கூட்டாளி காஸ்பர் விண்டருக்கும் அதில் சரிபாதி உழைப்பு உண்டு. அதை ப்ராட் எந்தப் பத்திரிகைக்காரரிடமும் சொன்னதில்லை. பொறுத்துப் பார்த்த விண்டர், பாதி வாடிக்கைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தனிக்கடை போட்டார்.

போட்டதோடு விட்டாரா? ப்ராட் குடியிருந்த எட்டு மாடிக் கட்டிடத்துக்கு நேர் தெற்கே, பதின்மூன்று மாடிக்கு அஸ்திவாரம் தோண்டினார். எதிரே செங்கல் ஏற ஏற, ப்ராட் வீட்டுக் கூடத்தில் வெயில் சுருங்கிக்கொண்டே வந்தது.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் வித்தீங்க. நம்ம வீட்ல மத்தியானமே விளக்கு எரியுது," என்றாள் மனைவி அகஸ்டா.

ப்ராட் மாநிலத் தலைநகரான ஆல்பனிக்கு ரயிலேறினார். சட்டசபைக்காரர்களைப் பார்த்து, தீயணைப்பு ஏணி எட்டாத உயரத்தில் குடும்பங்களைக் குடிவைப்பது கொலைக்குச் சமம் என்று பேசினார். பூங்கா ஓரத்தில் பன்னிரண்டு மாடி கட்ட, லூமிஸ் என்ற நிலக்காரரோடு தானே ஒப்பந்தம் போட்டிருந்தது அந்தக் கோபத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

சட்டசபைப் படிக்கட்டில் விண்டர் வழிமறித்தார்.

"உனக்கு என்மேல கோவம். அதுக்காக நம்ம தொழிலுக்கே கொள்ளி வைக்கிறியே."

"என் தொழில்னு சொல்லு. நீ என்கிட்ட கத்துக்கிட்டவன்."

"சரி, உன் தொழில்தான். லூமிஸ்கிட்ட போட்ட பன்னெண்டு மாடி?"

"அது யார் வெயிலையும் மறைக்காது."

"சட்டம் அதெல்லாம் பாக்குமாடா?"

சட்டம் நிறைவேறியது. புதியதோ, பாதி கட்டியதோ, குடியிருப்பு எதுவும் எட்டு மாடிக்கு மேல் போகக்கூடாது. எதிரே கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். ப்ராட் நல்ல ஒயினாகப் பார்த்துத் திறந்தார். அந்த வாரமே லூமிஸ் வந்து ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் எதிரே மறுபடி செங்கல் ஏறியது. ப்ராட் நகராட்சி அதிகாரியை அனுப்பினார். போனவர் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"ஒரு வீட்லயும் அடுப்பு இல்ல சார். எல்லாருக்கும் கீழ ஒரே சாப்பாட்டுக் கூடம். வருஷக்கணக்கா தங்கலாம், ஆனா அது ஹோட்டலாம். நீங்க பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம் ஹோட்டலைத் தொடாது."

லூமிஸ் மறுபடி வந்தார். "எனக்கும் அதே மாதிரி போட்டுக் குடுங்க. நீங்க கட்டாத ஹோட்டலா?"

உண்மைதான். மூன்று பெரிய ஹோட்டல்கள் ப்ராட் பெயரில் நின்றன. ஆனாலும் மனம் வளையவில்லை.

"அந்த ஆளு எச்சில எனக்குப் பரிமாறாதீங்க."

"அப்ப அந்த ஆளையே கூப்பிட்டுக்கறேன்," என்று லூமிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

பூங்கா ஓரத்துக் கட்டிடமும் விண்டர் கைக்குப் போயிற்று. ப்ராட்டுக்கு அதன்பின் வந்ததெல்லாம் ஐந்து மாடி, ஆறு மாடி வேலைகள். பிறகு அவையும் குறைந்தன.

அகஸ்டா ஞாயிறுதோறும் தங்கையோடு எதிர் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனாள். ஒருமுறை திரும்பி வந்து கையுறையைக் கழற்றியபடி, "வாத்துக் கறி நல்லா இருந்துச்சு. விண்டரும் இருந்தார்," என்றாள்.

"என்னைப் பத்தி என்ன கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கல."