சார்ஜரில் எரிந்த பச்சை விளக்கு

எனக்கு வாய் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கணவர் மணியத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள், அவர் பாவம், பொய் சொல்லத் தெரியாதவர்.

செமிலிங் பக்கத்தில் முன்பு ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் இப்போது சூரியத் தகடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அங்கே நான் பகல் காவலாளி. வேலியோரமாகப் பதினெட்டுக் கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் கையிலிருக்கும் கருவியை வைத்து 'பீப்' வாங்க வேண்டும். ஒரு சுற்று நான்கு கிலோமீட்டர், ஒரு நாளைக்கு மூன்று சுற்று. புழுதி கிளம்பித் தகடுகளில் படியும் என்று உள்ளே மோட்டார் சைக்கிள் விடமாட்டார்கள். இரண்டு வருடம் நடந்தேன், முழங்கால் தேய்ந்துவிட்டது. நிற்க முடியும், நடந்தால்தான் உயிர் போகும்.

வேலையை விட்டுவிடலாம் என்று நான் அழுதபோது மணியம் எங்கிருந்தோ பழைய மின்சார ஒற்றைச் சக்கரம் ஒன்றை வாங்கிவந்தார். நடுவில் ஒரே டயர், இரண்டு பக்கமும் கால் வைக்கப் பலகை, அவ்வளவுதான். முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். நாற்பத்தாறு வயதில் எஸ்டேட் கோயில் திடலில் அவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓட, நான் விழ, ஊரே சிரித்தது.

"என்ன உமா, சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்று அடுத்த வீட்டு மருதம்மாள் கேட்டாள்.

"ஆமாலா, உனக்கு மட்டும் டிக்கெட் ஃப்ரீ!" என்றேன்.

ஒரே மாதத்தில் பழகிவிட்டேன். வெளி ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்பதால் சக்கரம் எங்கள் காரில் ஏறி வேலைக்கு வரும், வேலிக்குள் மட்டும் ஓடும். ஒன்றரை வருடம் ராணிபோலச் சுற்றிவந்தேன்.

போன ஆயுத பூஜையன்றுதான் வினை பிடித்தது. கார், மோட்டார், அரிவாள்மனை, என் சக்கரம், எல்லாவற்றையும் கழுவச் சொன்னேன். மணியம் ரப்பர் குழாயைப் பிடித்துக் கழுவினார். நான் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். மறுநாள் வியாழக்கிழமை மூன்று சுற்றும் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சார்ஜரைச் செருகினேன். அதில் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் நிறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அதற்குள்ளேயா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். பூஜை போட்டதன் பலன் என்று சந்தோஷமாகப் படுத்துவிட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஏழாவது கம்பத்தருகே சக்கரம் கீச் கீச்சென்று கத்தி, பலகையைப் பின்பக்கம் சாய்த்து, என்னை இறக்கிவிட்டது. மிச்சக் கம்பங்களை நொண்டி நொண்டி முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. மேற்பார்வையாளர் இர்வான் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

"காக்கா, திங்கக்கிழமை கம்பெனி ஆள் வராங்க. ரவுண்டு முடியலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க," என்றார். மலாய்க்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். அக்காவை மட்டும் மலாயில் காக்கா என்பார்.

வீட்டுக்கு வந்து மணியத்தைப் பிடித்துக்கொண்டேன். "கழுவச் சொன்னா தண்ணிய அடிச்சே கொன்னுட்டீங்களே! பேட்டரிக்குள்ள தண்ணி போனா என்ன ஆகும்னு தெரியாதா? ஐயோ, என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

அவர் சக்கரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, மின்விசிறி முன்னால் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சனிக்கிழமை ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை, பேட்டரி செத்துவிட்டது, புதுசு வர ஒரு மாதம் ஆகும் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் மறுபடியும் ஆரம்பித்தேன். மணியம் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

ஞாயிறன்று அவருக்கு ஃபேக்டரியில் ஓவர்டைம். நான் மட்டும் பாக்கார் ஆராங் என்ற இடத்தில் கதீஜா வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் தன் வீட்டுக் கார் கொட்டகையில் மேசை போட்டு, மின்சார சைக்கிள், ஸ்கூட்டர் பேட்டரி எல்லாம் பார்ப்பாள். முக்காடு போட்டு, மூக்குக்கண்ணாடியோடு, நான் புலம்பியதை முழுக்கக் கேட்டாள்.

"செத்துருச்சுன்னு யாருக்கா சொன்னா? நாடி பார்க்காமலா?" என்றாள்.

முதலில் சார்ஜரைத் தனியாகச் சுவரில் செருகி, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் அதன் வாயில் வைத்தாள். எண்பத்து நாலு வோல்ட்டு. "சார்ஜர் நல்லாருக்கு." பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. பேட்டரியில் ஊசி வைத்தாள். அறுபத்தெட்டு. "இதுவும் சாகல. பசியில கிடக்கு, அவ்ளோதான்."

"அப்புறம் ஏன் பச்சை எரியுது?"

"பச்சைன்னா நிறைஞ்சிருச்சுன்னும் அர்த்தம், கரண்ட்டு எங்கயும் போகலன்னும் அர்த்தம். உள்ள போய்க்கிட்டிருந்தா சிவப்பு எரியணும்க்கா. செருகின உடனே பச்சையாவே நின்னா வழி அடைச்சிருக்குன்னு பாக்கணும்."

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சார்ஜர் செருகும் ஓட்டையின் ரப்பர் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தாள். குனிந்து பார்த்தாள். ஊசியால் எதையோ சுரண்டி உள்ளங்கையில் போட்டு மோந்தாள்.

"என்னக்கா இது, வாசனையா இருக்கு?"

மஞ்சளும் சிவப்புமாய்க் காய்ந்த சிறு பொருக்கு. பூஜையன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன் அல்லவா? காருக்கு முன்கண்ணாடியில், அரிவாள்மனைக்குக் கட்டையில். சக்கரத்துக்கு எது முகம் என்று தெரியவில்லை. கரண்டு போகிற இடம்தானே அதற்கு வாய், சோறு இறங்கும் இடத்தில் சாமி இருக்கட்டும் என்று அந்த மூடியைத் திறந்து, விரலால் உள்ளே அழுத்திச் சந்தனம் வைத்தவள் நான்தான். மணியம் கழுவும்போது அந்த மூடி இறுக்கமாக மூடியிருந்தது. கழுவி முடித்த பிறகு நான்தான் திறந்தேன்.

கதீஜாவிடம் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு பின்னுதான் மூடியிருக்கு. ரெண்டும் ஒண்ணா ஒட்டியிருந்தா தீயே பிடிச்சிருக்கும். உங்களை ஆண்டவன் காப்பாத்திட்டான்க்கா," என்றாள்.

சார்ஜர் செருகும் அந்தச் சொக்கெட்டையே கழற்றிவிட்டுப் புதிது பற்றவைத்தாள். சார்ஜரைச் செருகினாள். சிவப்பு எரிந்தது. ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டது அன்றுதான். நிறைந்து பச்சை வந்த பிறகும் இரண்டு மணி நேரம் அப்படியே விடச் சொன்னாள், உள்ளே எல்லா அறைகளும் சமமாக நிறைய வேண்டுமாம். அதுவரை எனக்குத் தேத்தண்ணியும் கொடுத்தாள். லுகூர் என்கிற மதியத் தொழுகை முடித்து வந்து, மறுபடி ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்த்தாள். அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மணியத்திடம், "சரியாயிடுச்சு," என்று மட்டும் சொன்னேன். மூன்று நாள் நிற்காமல் ஓடிய வாய், சொல்ல வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை மூன்று சுற்றும் நேரத்தோடு முடித்தேன், வேலை போகவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது இரண்டாவது சுற்றில் நடந்தது. பதினோராவது கம்பம் நிலத்தின் பின்கோடியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றார். கையில் எங்கள் வீட்டு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியும் தண்ணீர் போத்தலும்.

"வேலைக்குப் போகலயா நீங்க?" என்றேன்.

"சூத்தி போட்டுட்டேன், இன்னிக்கு லீவு. நடுவுல நின்னுடுச்சுன்னா நீ உக்காரணுமே. வேலிக்கு மேல தூக்கிப் போடலாம்னு..." என்றார் மணியம்.

"எவ்வளவு நேரமா இங்க நிக்கிறீங்க?"

"நான் கெடுத்ததுக்கு வேற என்னா செய்ய முடியும் உமா?"

சக்கரத்தை விட்டு இறங்கினேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கெடுக்கல. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகல. நான்தான் சார்ஜ் ஓட்டையில சந்தனத்த வச்சு அடைச்சேன். நேத்தே தெரியும். சொல்ல வாய் வரல," என்றேன்.

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டட்டும் என்றுதான் நின்றேன்.

"அப்ப நான் இல்லியா?" என்றார்.

"நீங்க இல்ல. எனக்கு இந்தக் காலைக் கொடுத்ததே நீங்கதான்."

எனக்காகக் கொண்டுவந்த நாற்காலியைப் புல்லில் வைத்து அவரே அதில் உட்கார்ந்துவிட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மூன்று நாளாக அந்த மனிதன் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நேரமாவுது, போய் பீப் அடி," என்றார் துண்டுக்குள்ளிருந்தே.