வடக்கு வாசலைத் திறந்தது யார்?

1

இந்தக் கதை ஒரு மருந்துக்கடை வரிசையில் பிறந்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், கழுத்தில் அலுவலக அட்டையோடு, தணிந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல துரோகம் பண்ணது உங்க ஆளுங்கதான்."

"ஆதாரம் காட்டு, ஒத்துக்கறேன்."

சொத்துத் தகராறு என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன். கேட்கக் கேட்கத்தான் புரிந்தது, எல்ஃப்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஏதோ ஒரு புது இணைய விளையாட்டு, அதில் இரண்டு எல்ஃப் கூட்டம். என் முறை வந்தும் நகராமல் நின்றேன். பின்னால் இருந்தவர், "ஏம்மா, மருந்து வாங்க வந்தீங்களா, கதை கேக்க வந்தீங்களா?" என்றார். இரண்டுக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. என் மனம் பல வருடங்களுக்கு முந்தைய வேறொரு எல்ஃப் சண்டைக்குப் போயிருந்தது.

2

முதல் தொடக்கம்: "அடர்ந்த கானகத்தின் நடுவே, ஆயிரம் ஆண்டு மூத்த பெருமரத்தின் கிளைகளில், இரு குலங்கள்—"

வேண்டாம். அங்கே கானகம் ஏது? பழைய கணினி ஒன்று இருந்தது. அதன் விசிறி மாவு மில் மாதிரி இரையும்.

இரண்டாம் தொடக்கம்: "இணையம் இவ்வளவு வேகமாக இல்லாத அந்தப் பொற்காலத்தில்—"

இதுவும் வேண்டாம். பொற்காலம் என்று எழுதியதுமே பொய் நுழைந்துவிடுகிறது. நான் அப்போது குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் தொலைபேசி எடுத்து, ஊரார் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தேன். மிச்ச நேரத்தில், இணையத்தில் ஒரு தமிழ் விளையாட்டுக் குழுமத்துக்கு மட்டுறுத்துநர். பெயர்தான் பெரிது. சண்டை முற்றி யாராவது 'நீ' என்று எழுதிவிட்டால் அதை 'நீங்கள்' என்று திருத்துவதுதான் வேலை.

[எல்ஃப் தெரியாதவர்களுக்கு: நீண்ட காது, நீண்ட ஆயுள், நீண்ட பகை. எங்கள் விளையாட்டில் வெண்கிளை, கருங்கிளை என்று இரண்டு குலம். ஒரே மரத்துப் பங்காளிகள். ஒரு போரில் மர நகரத்தின் வடக்கு வாசல் உள்ளேயிருந்து திறக்கப்பட்டது, எதிரிப்படை புகுந்தது, நகரம் எரிந்தது. யார் திறந்தது என்பதை விளையாட்டு சொல்லவில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும்.]

3

வெண்கிளைக்கு வக்காலத்து வாங்கியவர் பல்செட்டு செய்கிறவர். பல் கூடத்தில் மெழுகும் சாந்துமாக நாள் முழுக்க அடுத்தவர் வாயோடு மல்லுக்கட்டுவார். குழுமத்தில் அவர் பெயர் 'பல்லாண்டு'. எதிராளியை மடக்க அவரிடம் ஒரே வாக்கியம் இருந்தது: "உங்கள் வாதத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவில்லை."

கருங்கிளைக்கு நகரப் பேருந்து ஓட்டும் ஒரு பெண். எங்களுக்கு ஸ்டேரிங் அக்கா. வண்டி கடைசி நிறுத்தத்தில் நிற்கிற இடைவெளியில் எழுதுவார். வாதம் சூடுபிடிக்கிற இடத்தில், "வண்டி எடுக்கணும், மீதி அடுத்த ட்ரிப்பில்" என்று முடியும். நாங்கள் எல்லோரும் அந்த அடுத்த ட்ரிப்புக்குக் காத்திருப்போம்.

வாசலைத் திறந்தது வெண்கிளை ராணியேதான் என்பது அக்காவின் கட்சி. ராணியின் வலது கை அப்போது கட்டுப்போட்டிருந்தது, ஒற்றைக் கையால் அந்தக் கதவை அசைக்கக்கூட முடியாது என்பது பல்லாண்டின் கட்சி. இப்படியே வருடக்கணக்கில் ஓடியது. இருவரும் ஒரே நகரம். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

(பல்லாண்டை மனைவியை இழந்தவராக எழுதத் தொடங்கினேன். சோகம் சுலபமாக வரும் என்ற ஆசைதான். ஆனால் அவருக்கு மனைவி இருந்தார், நன்றாகவே இருந்தார். அவர் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.)

4

பிறகு ஒரு நாள் விளையாட்டுக் கம்பெனி கடைசி அத்தியாயத்தை வெளியிட்டது. அதில் வடக்கு வாசல் காட்சியும் இருந்தது. கதவைத் திறந்தது ராணி.

குழுமமே அல்லோலகல்லோலப்பட்டது. பல்லாண்டு ஒரே வரி எழுதினார்: "நீங்கள் சொன்னதே சரி. மனமார்ந்த வாழ்த்துகள்." அதோடு ஆளைக் காணவில்லை.

ஸ்டேரிங் அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஜெயிச்சுட்டேன்ல?"

"ஜெயிச்சுட்டீங்கக்கா."

"அப்புறம் ஏன் வீட்ல யாரோ ஊருக்குப் போன மாதிரி இருக்கு?"

சில வாரம் கழித்து இன்னொரு அழைப்பு. தெரியாத குரல். பல்லாண்டின் மனைவி.

"உங்க நம்பர் அவர் போன்ல இருந்துச்சும்மா. ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு நாளா சாப்பிட உக்காந்தா, 'இன்னைக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா'ன்னு ஆரம்பிப்பார். எனக்குப் பாதி புரியாது. ஆனா ஒரு பேச்சு இருந்துச்சு. இப்போ தட்டைப் பாத்து சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிடறார்."

"உடம்புக்கு ஏதும்..."

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. நீங்க ஒரு உதவி செய்யணும். அந்தம்மாகிட்ட சொல்லி, ஏதாவது சண்டை போடச் சொல்லுங்க."

இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அக்கா சிரித்தார். பிறகு, "எதை வெச்சும்மா சண்டை போடறது? கம்பெனிக்காரனே தீர்ப்பு சொல்லிட்டானே" என்றார். சொல்லும்போது குரல் இறங்கியது.

5

இந்த இடத்தில் கதாசிரியர் புகுந்து திருப்பம் ஒன்று வைக்க வேண்டும். நான் மூன்று யோசித்து வைத்திருந்தேன். நடந்தது என்னவோ என் மூன்றையும்விட எளிமையானது.

அக்கா புதிய இழை ஒன்று தொடங்கினார். (குழுமத்தில் ஒரே தலைப்பில் நீளும் பேச்சுக்கு இழை என்று பெயர்.) தலைப்பு: "கம்பெனி சொன்னால் ஆச்சா?" உள்ளே: "ராணி திறந்திருக்க முடியாது. வலது கை கட்டுப்போட்டிருந்தது. ஒற்றைக் கையால் அந்தக் கதவை அசைக்க முடியுமா? நான் தினமும் பஸ் ஓட்டுகிறவள். கனம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இந்தக் காட்சியை நான் ஏற்கவில்லை. வண்டி எடுக்கணும்."

அது பல்லாண்டின் வாதம். அக்கா இத்தனை வருடம் கிழிகிழியென்று கிழித்த வாதம்.

அன்று மாலையே பல்லாண்டு வந்துவிட்டார். நீளமான பதில். "மதிப்பிற்குரிய அம்மையாருக்கு. இதையே நான் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். இப்போது என் முறை. அந்தக் கதவுக்குச் சங்கிலிச் சக்கரம் உண்டு. உடல் எடையைப் போட்டால் ஒரு கை போதும். ராணிதான் திறந்தாள். ஐயமே இல்லை. உங்கள் வாதத்தில்..." மீதியை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள்.

இப்படியாக ராணியைக் கூண்டில் ஏற்றியவர் அவளுக்கு வக்கீலானார், வக்கீல் அவளைக் கூண்டில் ஏற்றினார். நான் அலுவலகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எதிர்முனையில் ஒருவர் தன் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவதாக அழுதுகொண்டிருந்தார்.

(அக்கா இதைப் பரிதாபப்பட்டுச் செய்தார் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். "அடிச்சுடு. பாவம் பாத்து யாராவது எல்ஃபுக்கு வக்காலத்து வாங்குவாங்களா? எனக்கும்தான் போரடிச்சுது." அடித்துவிட்டேன். பாதி மனதோடு.)

6

விளையாட்டை ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். ஆள் வரத்து குறைந்து குழுமமும் மூடியது. அதற்கு முந்தைய வாரம் அக்கா, பல்லாண்டு, அவர் மனைவி மூவரையும் ஒரு காபிக் கடைக்கு வரவழைத்தேன்.

முடிவு ஒன்று: பார்த்தவுடன் கலகலவென்று பேசி, நெடுநாள் உறவு போல—

இல்லை.

முடிவு இரண்டு: பேச ஒன்றுமில்லாமல், ஏமாற்றத்தோடு கைகூப்பிப் பிரிந்து—

இது கிட்டத்தட்ட நடந்தேவிட்டது. அக்கா சீருடையில், பேருந்துக்குள் இருப்பது போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பல்லாண்டு நினைத்ததைவிடக் குள்ளம். நகக்கண்ணில் மெழுகு. வெயிலைப் பற்றிப் பேசினார்கள். "பஸ்ல கூட்டம் எப்படிங்க?" "இருக்குங்க." "பல்லுக்கெல்லாம் இப்போ நல்லா வருதுங்களா?" "வருதுங்க." திரையில் பக்கம் பக்கமாக எழுதிய இருவரும் கரண்டியால் வெறும் கோப்பையைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டிருக்கக் கூடாதோ?

அப்போது பல்லாண்டின் மனைவி தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒரு சந்தேகம். தப்பா இருந்தா சொல்லுங்க. அந்த ராணிக்கு ஒரு தங்கச்சி இருந்தாளே, கருங்கிளைல வாக்கப்பட்டவ. அக்காவுக்குக் கை உடைஞ்சிருக்குன்னு கேட்டா தங்கச்சி பாக்க வராம இருப்பாளா? வந்திருப்பா இல்ல? அப்போ அன்னைக்கு அவ எங்க இருந்தா?"

இரண்டு கரண்டிகளும் ஒரே நேரத்தில் நின்றன.

"அவளுக்கு அந்தக் காட்சியில வேலையே இல்லையே" என்றார் பல்லாண்டு.

"யார் சொன்னது?" அக்கா நாற்காலியை முன்னால் இழுத்தார். "நீங்க சொல்லுங்கம்மா, நீங்க சொல்லுங்க. இவரை விடுங்க."

"இத்தனை வருஷத்துல இதை நீ என்கிட்ட கேக்கவே இல்லையே!"

"நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க?"

7

முடிவு மூன்றை இங்கே எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. அவர்கள் மூவரும் அன்று தொடங்கியது, இடமும் விதமும் மாறி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் புகுந்து முற்றுப்புள்ளி வைக்க நான் யார்? மட்டுறுத்துநர் பதவி போய் வெகுகாலம் ஆகிறது.

வேண்டுமானால் நீங்கள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். இடம் இருக்கிறது. ஆனால் வாயைத் திறக்குமுன் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். நீங்கள் வெண்கிளையா, கருங்கிளையா?