தொட்டுச் சொல்லுங்க

“சொரசொரன்னு இருக்கு.”

“எல்லாத்துக்கும் ஒரே சொரசொரதானா? பூனை நாக்கும் சொரசொர, உங்க தாடியும் சொரசொரவா?”

அவன் மேசைப் பலகையை மறுபடி வருடினான். “நறநறன்னு... மணல் ஒட்டின மாதிரி.”

“அது தூசி. துடைச்சிட்டுத் தொடுங்க.”

துடைத்தான். “இந்த ஓரத்துல மட்டும் குட்டிக் குட்டியா முண்டு. வேர்க்குரு மாதிரி.”

“ஆங், இப்பதான் வாய் திறந்திருக்கு” என்று மனைவி சுண்ணக்கட்டியால் அந்த ஓரத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

இருவருக்கும் ஒரே மரப்பட்டறையில் வேலை. அவன் பலகை அறுப்பவன். மெருகு பூசுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தடவி, எங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று குறிப்பது அவள் வேலை. போன வருஷம் அவள் மார்பில் வந்த கட்டியை அறுத்தெடுத்து, மருந்து மேல் மருந்தாக ஏற்றியதில் உயிர் தங்கிவிட்டது. விரல்நுனிகள் மட்டும் மரத்துப்போயின. முதலாளிக்குத் தெரிந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். அதனால் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் அவன் தொட்டுச் சொல்வான், அவள் குறிப்பாள்.

அறுப்பவனுக்கு நேர், கோணல் என்ற இரண்டைத் தாண்டி வார்த்தை தேவைப்பட்டதே இல்லை. இப்போது பிசிர், சிராய், திட்டு, வரிவரி என்று தேடித் தேடிப் பிடிக்கிறான்.

போன வாரம் ஒரு அலமாரிக் கதவு. அவள் சுவரில் சாய்ந்து கண்ணைச் செருகிக்கொண்டிருந்தாள். சீக்கிரம் உட்காரட்டுமே என்று, கதவை அரைகுறையாகத் தடவிவிட்டு, “மழமழன்னு இருக்கு” என்று சொல்லிவிட்டான். மெருகு காய்ந்ததும் கதவு முழுக்கப் புல்லரித்ததுபோல் பொரிபொரியாகக் கிளம்பியது. “என்னம்மா, கை எங்கயோ போயிடுச்சா?” என்று முதலாளி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பழியைத் தான் ஏற்றுக்கொள்ள அவனுக்கு நாக்கு எழவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் விரல்களின் கதையும் வெளியே வந்துவிடும்.

வீடு திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னாள்: “என் மேல பாவப்பட்டுப் பொய் சொல்லாதீங்க.”

இன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்தவள் கண்ணாடி முன்னால் நின்றாள். அவன் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடித்த துணியையே மறுபடி மடித்தான். கட்டுப் பிரித்த நாளிலிருந்து இப்படித்தான், படுத்தாலும் சுவர்ப்பக்கம்தான். எத்தனையோ வெட்டைப் பார்த்த கண். இந்த ஒரு வெட்டிடம் மட்டும் போக மறுத்தது.

“ஏங்க, இது எப்படி இருக்கும்?”

“நல்லா ஆறிடுச்சுன்னு டாக்டர்தான் சொன்னாரே.”

“அவர் பார்த்துச் சொன்னார். எனக்குத் தொட்டாலும் ஒண்ணும் தெரியல. யார் உடம்போ மாதிரி இருக்கு.”

அவன் கையிலிருந்த துணியை அவள் மெல்ல வாங்கிக் கட்டிலில் போட்டாள். தன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள்.

“பலகைக்குச் சொல்றீங்கல்ல, அதே மாதிரி. மேடோ, முண்டோ, கரடுமுரடோ, எதுவா இருந்தாலும் சரி. மழமழன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தொட்டுச் சொல்லுங்க.”