பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு

மார்ச் 14, சனி. மாலை ஏழரை மணி.

இன்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான். காலையில் கிளம்பும்போது, கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும் ரயில் நிலையப் பெயர்ப்பலகைக்கு எதிரே காரை நிறுத்தச் சொல்லி, உயரமானியின் முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் குறித்திருக்க வேண்டும். குறிக்கவில்லை.

நில அளவை மாலை வகுப்பில் கருவியைக் கையில் கொடுக்கும்போதே வாத்தியார் சொன்னார்: "காத்து மாறினா முள்ளும் மாறும்மா. உயரம் தெரிஞ்ச ஒரு இடத்துல போகும்போது பாரு, வரும்போது பாரு. அது ரெண்டும் இல்லாம நடுவுல எடுத்த அளவ நம்பாத." இதைச் சிவப்பு மையில் எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறேன்.

மலைமேல் இருக்கும் தபால் நிலையத்துக்கு அக்காவை மாற்றியிருக்கிறார்கள். அம்மாவும் கூடப் போனால் இரண்டு அறை வீடு, இல்லையென்றால் விடுதியில் ஒரு கட்டில். எது என்று திங்கட்கிழமை அக்கா அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். அம்மாவின் நுரையீரலைப் பார்க்கும் டாக்டர், ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கு மேல் குடியிருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த வீடு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அளந்து சொல்வது என் பொறுப்பு.

பலகையைக் கடந்தபோது நான் அதைப் பார்க்கவில்லை. சாலையின் கோடியில் மணல் இளஞ்சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மணிக்கணக்காக மணல்தான். நாங்கள் ஒரே இடத்தில் நிற்க, மணல்மேடுகள்தாம் மெதுவாகத் திரும்பிப் படுத்துக்கொள்வதுபோல் இருந்தது. மேகம் ஒன்றின் நிழல் எங்களுக்கு முன்னால் சாலையிலேயே போயிற்று. நாங்கள் வேகம் குறைத்தால் அதுவும் குறைத்தது. மலை தூரத்தில் நீலத் தாளில் கத்தரித்து ஒட்டியதாக நின்றது. கிட்டே வரவே இல்லை.

"என்னடி அளவுகோல், வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்க? மணல் போயிடப் போகுது" என்றாள் அக்கா.

"விடு, கனவு காணட்டும். காசா பணமா" என்று பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவளுக்கும் கண் பாதி மூடியிருந்தது.

கொஞ்சம் கண்ணயர்ந்து விழித்தேன். கண்ணாடி முழுக்க மலை. எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வளைவுகளில் காது அடைத்தது. அக்கா பேசியது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. கீழே வந்த வழியெல்லாம் யாரோ உதறி விரித்த போர்வையாகக் கிடந்தது.

வீட்டுக்குச் சாலையிலிருந்து இருபத்தாறு படிகள். வாசலில் கருவியை வைத்து, கண்ணாடியை விரலால் தட்டிவிட்டுப் பார்த்தேன். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.

"பத்து மீட்டர் மிச்சம்!" அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். உடனே உள்ளே போய் அம்மாவின் கட்டில் எந்தச் சன்னலோரம் என்று காலடியால் அளக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆறு மணிக்குத் திரும்பி வந்து பலகை முன் நின்றோம். பலகையில் 412. முள்ளில் 372. நாற்பது குறைவு.

காலையிலேயே நாற்பது குறைந்திருந்தால் வீடு ஆயிரத்து எண்ணூற்று முப்பதில் இருக்கிறது. மாலையில் காற்று மாறியதால் குறைந்திருந்தால் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறே சரி. காலைக் கணக்கு இல்லாமல் எது என்று சொல்ல முடியாது. காரிலேயே சொல்லிவிட்டேன்.

அக்கா சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினாள். "காலையில என்ன பண்ணிட்டிருந்த?"

"மணல் பாத்துட்டிருந்தேன்."

"நல்லா பாத்த போ."

"நாப்பது மீட்டருக்கா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள் அம்மா. "டாக்டர் என்ன மலையில கோடா கிழிச்சு வெச்சிருக்காரு? எனக்கு அந்த வீடு பிடிச்சிருக்கு. நான் போறேன்."

அக்கா மறுபடி சாவியைத் திருகினாள். அவளுக்கும் அதே பதில்தான் வேண்டும். எனக்கு எந்த எண் வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை. அம்மா போய்விட்டால் வகுப்பு முடிந்து வந்து நானே கதவைத் திறந்துகொள்ள வேண்டும். அந்த நினைப்பு என் கணக்கில் கலந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நோட்டில் எழுதாதது இன்னொன்றும் உண்டு. படியேறும்போது அம்மா மூன்று இடத்தில் நின்றாள். "என்னம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வேடிக்க பாக்குறேன்" என்றாள். முதல் இரண்டு முறை கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது. மூன்றாவது முறை அவள் எதிரே இருந்தது சுவர். அக்கா முன்னால் போய்விட்டதால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கையில் உயரமானி இருந்ததால் அதைத்தான் அளவு என்று நினைத்துவிட்டேன்.

நாளை ஞாயிறு. மறுபடி போகிறோம், அக்கா சம்மதித்துவிட்டாள். ஐந்தரை மணிக்குப் பலகை முன் முள்ளைக் குறிக்க வேண்டும். வீட்டு வாசலில் ஒரு தடவை, திரும்பியதும் ஒரு தடவை. படிகளில் அம்மாவுக்குப் பின்னால் ஏறி, எந்தப் படியில் நிற்கிறாள், எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று எழுதி, இரண்டு பக்கத்தையும் அக்காவிடம் காட்ட வேண்டும்.