எச்சில் பார்க்காத வேலை

என் மாமியார் காமாக்ஷிக்கு எச்சில் என்றாலே ஆகாது. எங்கள் வீட்டில் யாரும் டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்கக் கூடாது. அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் மறந்துபோய் வாய் வைத்துவிட்டேன். அந்த டம்ளர் புளி போட்டுத் தேய்க்கப்பட்டு, முற்றத்து வெயிலில் காய்ந்த பிறகுதான் அடுக்களைக்குத் திரும்பியது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து தினமும் காலையில் கிளம்பிப்போய் நான் பார்த்த வேலை, மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபில் ஊரார் ரத்தத்தை வாயால் இழுப்பது. பிப்பெட் என்கிற மெல்லிய கண்ணாடிக் குழாயின் ஒரு முனை ரத்தத்தில், மறுமுனை என் வாயில். கோடு வரைக்கும் உறிஞ்சி நிறுத்த வேண்டும். அசந்தால் வாய்க்குள்ளேயே வந்துவிடும். வீட்டில் இதைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை.

எண்பத்தெட்டில் என்னோடு வேலை பார்த்த கங்காவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஹெபடைடிஸ் பி, லேப் ரத்தத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார் டாக்டர் வர்கீஸ். கங்கா பிழைத்துவிட்டாள். ஆனால் அவள் படுத்துக் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு வந்த எனக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை. டாக்டர் எங்களுக்கெல்லாம் தடுப்பூசி வரவழைத்தார். அந்த நோய்க்கிருமி உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்து, நன்றாகச் சுத்தம் செய்து தயாரித்த மருந்து அது.

இதை என் கணவர் வெங்கிட்டுவிடம் சொன்னேன். அவரிடம் சொன்னால் அவர் வேலை பார்க்கும் யூதத் தெரு மிளகுக் கிடங்கு முழுக்கச் சொன்ன மாதிரி. அன்று சாப்பிட உட்காரும்போதே மாமியார் காதுக்குப் போய்விட்டது.

"எந்தாடி ஜெயா, யாரோடயோ ரத்தத்துலேந்து எடுத்த மருந்தாமே? அதை உடம்புல ஏத்திண்டு என் அடுக்களைக்குள்ள வரப்படாது, கேட்டயா?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

"தினமும் ஊரார் ரத்தத்தை வாயாலதான் உறிஞ்சறேன் அம்மா. ரெண்டு தடவை வாய்க்குள்ளயே போயிருக்கு. அந்த வாயோடதான் உங்க அடுக்களையில நிக்கறேன்!"

வெங்கிட்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து நழுவினார். நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மாமியார் கரண்டியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கங்காக்கு தீனம் வந்தது இப்படியாக்கும்?"

"ஆமாம்."

"ஊசி என்னிக்கு?"

"நாளைக்கு."

மறுநாள் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நேராகப் போய், "மூணு ஊசியாமே, மூணையும் இன்னிக்கே போட்டுடுங்கோ" என்றார்.

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது பற்றில்ல அம்மே, ஒரு மாசம் கழிஞ்ஞு அடுத்தது" என்று மலையாளத்தில் மறுத்தார். பிறகு, சொல்லிவிடுவதுதான் முறை என்று நினைத்தாரோ என்னவோ, "இது மனுஷ்ய ரத்தத்தில்நின்னு உண்டாக்கியதாணு. அம்மக்கு எதிர்ப்பில்லல்லோ?" என்று கேட்டார்.

"தீட்டு குளிச்சாப் போயிடும் டாக்டரே. இவ போயிட்டா திரும்பி வருவளா? போடுங்கோ."

இத்தனை வருஷத்தில் அவர்மேல் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று. ஊசி என் தோளில் ஏறியது. "ஐயோ அம்மா" என்று கத்தியவர் மாமியார்.